பத்தாம் தேதிப் பை

எலெக்ட்ரானிக் சிட்டி, நான்காம் மாடி.
யாருக்கு எங்கே வலித்தது என்பதைப்
பக்கத்து வரிசையில் பார்த்துக்கொள்வார்கள்.
எப்போது வலித்தது என்பது மட்டும்
என் மேசைக்கு வரும்.

ஹொசகோட்டை முனிசாமப்பா,
டெம்போ ஓட்டுநர், குடல்வால் அறுவை.
கோடு போட்ட தாளில் நீல மையில்
ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்:
'ஐ வாஸ் அட்மிட்டட் பை டென்த்.'

அவருடைய பாலிசி
ஒன்பதாம் தேதி நள்ளிரவோடு முடிந்துவிட்டது.
நர்சிங் ஹோம் சீட்டில் தேதி இருக்கவேண்டிய இடத்தில்
யாரோ வைத்த டீ கிளாஸின் வட்டம்.

'ஆன் டென்த்' என்றிருந்தால்
பத்து. முடிந்தது.
மறுப்புக் கடிதம், அடுத்த கோப்பு.
'அன்டில் டென்த்' என்றிருந்தால்
பத்து வரை படுக்கையில் கிடந்தார்,
என்றைக்குப் போய்ப் படுத்தார் என்று கேட்கவேண்டும்.
'பை' —
நமக்கு அது ஓரெழுத்து ஒருமொழி,
கல்யாண வீட்டில் தேங்காயோடு தருகிற
மஞ்சள் நிறத்தது.
பத்தாம் தேதியை அதில் போடும்போது
ஒன்பதும் எட்டும் ஏற்கெனவே அடியில் கிடக்கும்.
கையை விட்டுத் துழாவினால்
எது அகப்படுகிறதோ அதுதான் தேதி.

வேலைக்குச் சேர்ந்த வாரம் ஷெணை பாடம் எடுத்தார்:
நாளுக்கு ஆன், மாதத்துக்கு இன், மணிக்கு அட்.
காலை இன்னுக்குள். மாலையும் இன்னுக்குள்.
இரவுக்கு மட்டும் ஏன் சார் அட், என்றேன்.
அது அப்படித்தான் இன்பவல்லி, என்றார்,
மாமனார் வீட்டு வழக்கத்தைச் சொல்வதுபோல.

நாம் கிழமையைச் சொல்லிவிட்டுத்தான் வாலை ஒட்டுகிறோம்:
வெள்ளிக்குள், வெள்ளிவரை, வெள்ளியன்று.
நாக்கு நாளைத் தொட்டபிறகும்
யோசிக்க அரை நொடி கிடைக்கும்.
அங்கேயோ நாள் கதவைத் திறக்குமுன்பே
செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று
முடிவெடுத்தாக வேண்டும்.
வீட்டுக்காரர் வாடகையை 'பை ஃபிப்த்' கேட்கிறார்.
நான் 'அரவுண்ட் ஃபிப்த்' தருகிறேன்.
இருவருக்கும் மொழிப் பிரச்சினை என்று
இரண்டு வருடமாக ஓடுகிறது.

முனிசாமப்பாவுடையதையும்
முதலில் பிழை என்றுதான் நினைத்தேன்.
பேனாவுக்கு வந்த சொல், எழுதிவிட்டார்.
பிழை என்றால் திருத்தலாம்.
திருத்தினால் மறுக்கலாம்.
தொலைபேசியில் கூப்பிட்டேன்.

பின்னால் லாரி ஹாரன். பாதி கன்னடம், பாதி தமிழ்.
'ராத்திரி, மேடம்.'
எத்தனை மணிக்கு?
'வலியில யாரு மணி பார்த்தா?
பன்னெண்டுக்கு முன்னயோ பின்னயோ.
கே.ஆர்.புரம் பாலத்துல ஒரு லாரி கவுந்து
ரொம்ப நேரம் நின்னுட்டோம்.
கண்ணு முழிச்சப்போ காலண்டர்ல பத்து இருந்துச்சு.'
கடிதம் யார் எழுதியது?
'நான்தான். மொதல்ல ஆன் போட்டேன்.
அப்புறம் அடிச்சேன்.
தெரியாததுக்கு எப்படி மேடம் ஆன் போடறது?'

தாளைக் குழல்விளக்கின் கீழ் பிடித்தேன்.
பைக்கு முன்னால், மை கொட்டியது என்று
நான் விட்டிருந்த இடத்தில்
மூன்று கோடுகளுக்கு அடியில் ஓர் ஆன்.
இந்த மாடியில் இதுவரை யாரும்
ஒரு முன்னிடைச்சொல்லை
இவ்வளவு சரியாகப் போட்டதில்லை.
ஷெணை உட்பட. நான் உட்பட.

திரையில் 'சேர்ந்த தேதி' என்றொரு கட்டம்.
இரண்டு இலக்கங்களை மட்டும் ஏற்கும்,
பை வைக்க இடமில்லை.
ஆறு மணிக்குள் அனுப்பிடு, என்று
ஷெணை கடந்துபோனார்.
ஆறு மணிக்குள். அவர் எனக்குத் தந்த பை.
அதில் இன்னும் நாற்பது நிமிடம் கிடந்தது.

கட்டத்தைக் காலியாக விட்டேன்.
சிவப்பில் கத்தியது.
குறிப்புப் பகுதியில் அவர் வாக்கியத்தை
எழுத்து மாறாமல் தட்டினேன்.
கடிதத்தை மறுபடி ஸ்கேன் செய்தேன்,
அடித்த ஆன் தெரிகிற அளவுக்குக்
கறுப்பைக் கூட்டி.